சிக்னலுக்கு ஒருநாள் லீவு

புதிதாக டிராஃபிக் பிரிவுக்கு வந்திருக்கும் பிள்ளைகளே,

நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். நீங்கள் வருவதற்கு முன்பே விளக்குகள் வந்துவிட்டன, கேமராக்களும் வந்துவிட்டன. சிவப்பைத் தாண்டுகிறவனை நீங்கள் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம். அவன் வீடு போய்ச் சேருவதற்குள் அபராதம் அவன் செல்போனுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எங்கள் காலத்தில் நாங்கள்தான் ஓடினோம். அப்படி ஓடியதில் எனக்கு மிச்சம் இரண்டு முழங்கால் வலியும், ஹாரன் சத்தம் கேட்டால் தானாக உயர்ந்துவிடும் ஒரு வலது கையும்தான். போன மாதம் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குப் போயிருந்தேன். வெளியே ஏதோ லாரி ஹாரன் அடிக்க, என் கை உயர, பரிசு வாங்கப் போன குழந்தைகள் வரிசையாக நின்றுவிட்டார்கள். தலைமையாசிரியை என்னை முறைத்தார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம், இன்னும் என் கைக்கு மதிப்பு இருக்கிறதே என்று.

எப்படி நிற்பது, எப்படிக் கை காட்டுவது, மந்திரி வந்தால் யாரை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் டிரெய்னிங்கில் சொல்லிக் கொடுப்பார்கள். அதையே நானும் சொல்லி உங்களுக்குத் தூக்கம் வரவழைக்க மாட்டேன். என் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினால் மூன்று பாராட்டுகளும் ஒரு எச்சரிக்கையும் இருக்கும். எச்சரிக்கை, தொப்பி இல்லாமல் டியூட்டியில் நின்றதற்கு. நான் செய்த பெரிய தப்பு அந்தப் புத்தகத்தில் தப்பாக இல்லை. மூன்று பாராட்டுகளில் ஒன்று அதற்காகக் கிடைத்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

திருப்பதியில் எங்கள் சந்திப்புக்கு முதன்முதலாக சிக்னல் வந்த சமயம். எந்தச் சந்திப்பு, எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். நாலு ரோடு கூடுகிற இடம், அவ்வளவு போதும். அதுவரை அங்கே ஒரே ஆள்தான் டியூட்டி. நடுவில் ஒரு வட்ட மேடை, மேலே குடை, குடைக்குக் கீழே நான். சிக்னல் வந்தால் ஒரு ஆள் மிச்சமாகும் என்று மேலே இருப்பவர்கள் சொன்னார்கள். வந்த பிறகு நான்கு பேர் தேவைப்பட்டோம். கண்ட்ரோல் பெட்டியின் சாவியை வைத்திருக்க ஒருவர், பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி காணாமல் போகாமல் காவல் இருக்க ஒருவர், சிவப்பைத் தாண்டியவர்களைப் பிடிக்க ஒருவர், விளக்கு சொல்வதையே கையாலும் சொல்ல ஒருவர். கடைசி ஆள் நான். கொஞ்ச நாளில் சாவியும் என்னிடமே வந்துவிட்டது.

மக்களுக்கு விளக்கின் மேல் விரோதம் ஒன்றும் இல்லை. நின்று பார்த்தார்கள், அழகாக இருக்கிறது என்றார்கள், போய்க்கொண்டே இருந்தார்கள். மொட்டை போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கோ இனிமேல் நமக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியம். ஒரு தக்காளி லாரிக்காரரைப் பிடித்து, சிவப்பு எரிவது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன்.

“தெர்து சார். லைட்டு எரிஞ்சிக்கினுதான் கீது. ஆனா நீ ஒன்னும் சொல்லலியே? நீ கை போட்டா நான் நிக்க மாட்டனா?”

அவர் என்மேல் வைத்திருந்த மரியாதைக்கு அபராதம் போட மனசு வரவில்லை. அன்று முதல் சிவப்பு எரிந்தால் நானும் கையைத் தூக்குவேன், பச்சை எரிந்தால் நானும் விடுவேன். விளக்கு எனக்கு உதவியா, நான் விளக்குக்கு உதவியா என்று எங்கள் இருவருக்குமே தெரியாமல் ஒரு வருடம் ஓடியது.

இந்த இடத்தில் எங்கள் ஸ்டேஷன் ரைட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெதுருகுப்பத்துக்காரர். தெலுங்குதான் தாய்மொழி, என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார். பெயர் சொல்லமாட்டேன்; சொன்னால் இந்தக் கதையையும் வாங்கித் திருத்தி எழுதிவிடுவார். ஸ்டேஷனுக்கு வருகிற எல்லா அறிக்கையும் அவர் கையால்தான் எழுதப்படும். முத்து முத்தான எழுத்து. அவர் எழுதிய அறிக்கைகளில் மாடுகள் குறுக்கே வந்திருக்கின்றன, மழை பெய்திருக்கிறது, சூரியன் கண்ணைக் கூச வைத்திருக்கிறது. எங்கள் ஆட்கள் மட்டும் ஒரு தப்பும் செய்ததில்லை. நான் வேலை கற்றுக்கொண்டது அவரிடம்தான். “ரோட்ல நடந்தது ரோட்டோட போச்சு தம்பி. பேப்பர்ல நடந்ததுதான் நிக்கும்” என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் இவரைப் போல் ஆகவேண்டும் என்று நினைப்பேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. மலையில் பிரம்மோற்சவக் கூட்டம் வேறு. சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனில் துப்பாக்கிகளைத் துடைத்து வரிசையாக அடுக்கி மாலை போட்டிருந்தார்கள். எங்கள் இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் ஸ்டேஷனில் மாலை போட என்ன இருக்கிறது? ஒரு லத்தி, எட்டு விசில், வாய் பிளந்த ஆறு பிளாஸ்டிக் கூம்புகள். நம்முடைய ஆயுதம்தான் எது என்று தெலுங்கில் பொதுவாகக் கேட்டார். எல்லோரும் கூம்புகளைப் பார்த்தார்கள்.

“சிக்னல்தான் சார்” என்றேன் நான்.

இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்துவிட்டது. அவ்வளவு உயரமான ஆயுதம் வேறு எந்த ஸ்டேஷனில் இருக்கிறது?

நான் நகரிக்காரன். எங்கள் வீட்டில் பவர்லூம். ஆயுத பூஜை அன்று தறியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துவிட்டால், மறுநாள் காலை கற்பூரம் காட்டும்வரை யாரும் தறியைத் தொடக்கூடாது. சாமிக்கு முன்னால் வைத்த கருவிக்கு அன்று ஓய்வு. வருடம் முழுக்கத் தறி கத்துகிற தெருவில் அந்த ஒருநாள்தான் பக்கத்து வீட்டுச் சண்டை தெளிவாகக் காதில் விழும். அப்படி வளர்ந்தவன் சிக்னலுக்கு பூஜை போட்டால் என்ன செய்வான் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

அன்று காலையில் நான் செய்த வேலையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜீப்பில் மைக் கட்டி ஊர் முழுக்கச் சுற்றினேன். ‘பொதுமக்கள் சாலைகளில் பூசணிக்காய் உடைக்க வேண்டாம், வாகனங்கள் வழுக்கி விபத்து நேரிடும், மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. தொண்டை கட்டிக்கொண்டது. மத்தியானம் வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பூஜைக்குப் பூசணிக்காய் ஏற்பாடு செய்தேன். பொதுமக்கள் உடைத்தால்தான் விபத்து. நாங்கள் உடைப்பது விபத்து நடக்காமல் இருப்பதற்காக.

பூசணிக்காயைக் கொண்டுவந்து கொடுத்தவன் ஏழுமலை. புத்தூர்க்காரன், பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். எங்கள் சந்திப்பில் சிவப்புக்கு நிற்கிற ஆட்டோக்கள் இரண்டுதான். ஒன்று அவனுடையது, இன்னொன்று ரிப்பேராகி நிற்பது. சாமி காரியம் என்று சொல்லி வாடகை வாங்காமல் இறக்கிவிட்டு, அடுத்த சவாரிக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு பூஜை. கண்ட்ரோல் பெட்டியைக் கழுவிப் பட்டை போட்டு, கம்பத்துக்கு வாழைக்கன்று கட்டி, தாம்பாளத்தில் பெட்டிச் சாவி, லத்தி, விசில் எல்லாம் வைத்தோம். இன்ஸ்பெக்டரே கற்பூரம் காட்டினார். ரைட்டர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வேண்டிக்கொண்டார். பிறகு நான் எங்கள் ஊர் முறையை எடுத்துச் சொன்னேன். இன்ஸ்பெக்டருக்கு அது புதிது. ஆனால் சாமி விஷயத்தில் கான்ஸ்டபிளை எதிர்த்துப் பேச அவருக்குப் பயம். ஒருநாள்தானே, கையாலேயே சமாளித்துவிடு என்றார். நான் சுவிட்சை அணைத்தேன். நாலு பக்கமும் விளக்கு கண் மூடியது. பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தாம்பாளத்தில் திரும்ப வைத்தேன். தாம்பாளம் ஸ்டேஷனுக்குப் போயிற்று.

பூசணிக்காயை என்னிடம் கொடுத்தார்கள். சந்திப்பின் நட்டநடுவில், வட்ட மேடைக்குப் பக்கத்தில், மூன்று சுற்றுச் சுற்றி ஓங்கி உடைத்தேன். நல்ல உடைப்பு. குங்குமமும் சில்லறையும் நாலு ரோட்டுக்கும் சமமாகத் தெறித்தன. பிறகு வேலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் எதிர்ப்பக்கம் மரத்தடியில் பொரி கடலை பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். தொண்டை வலி, காலையிலிருந்து அலைச்சல், ஐந்து நிமிடம் என்று போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் இருபது நிமிடமாயிற்று. அந்தச் சந்திப்புக்கு ரோடு போட்ட நாளிலிருந்து விளக்கும் இல்லாமல் கையும் இல்லாமல் இருந்தது அந்த இருபது நிமிடம்தான்.

ஏழுமலை சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தான். முன்சக்கரம் பூசணித் துண்டின்மேல் ஏறியது. ஆட்டோ ஒரு வட்டம் அடித்தது. நான் விசிலுக்குக் கையைக் கொண்டுபோனேன், விசில் தாம்பாளத்தில் இருந்தது. வாய் நிறையப் பொரியோடு கத்தினேன். அது யார் காதிலும் விழுந்திருக்காது. ஆட்டோ நடைபாதை ஓரத்தில் போய் மோதி நின்றது. ஏழுமலைக்கு ஒன்றும் இல்லை. ஓரத்தில் நின்றிருந்த ஒருவர் கீழே கிடந்தார்.

ஐம்பது வயது இருக்கும். புது மொட்டை, தலையில் சந்தனம், தோளில் ஜோல்னாப்பை. வலது கால் முட்டிக்குக் கீழே மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. நான் ஓடிப்போய்த் தலையைத் தாங்கினேன். வலியில் உதடு நடுங்க அவர் கேட்ட முதல் கேள்வியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

“சார், லைட்டு எப்ப வரும்?”

சாலையைக் கடப்பதற்காக அவர் விளக்குக்குக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அத்தனை பெரிய ஊரில் அன்று சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நின்ற ஒரே மனிதர் அவர்தான். சட்டம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தது.

அவரை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இன்ஸ்பெக்டர் வந்து ரோட்டில் கிடந்த குங்குமத்தைப் பார்த்து ரத்தம் என்று நினைத்து அதைச் சுற்றி சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடச் சொன்னார். போட்டேன். அரைமணி நேரம் கழித்து, உள்ளே பூசணி விதை இருப்பதைப் பார்த்து அவரே அழிக்கச் சொன்னார். அதற்குள் ரைட்டர் மூன்று பக்கம் எழுதி முடித்திருந்தார். ஆட்டோ ஓட்டுநர் ஏழுமலை, சிக்னலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தும் அதை மதிக்காமல் அதிவேகமாக வந்து, வண்டி கட்டுப்பாட்டை இழந்து, இப்படிப் போகிறது அந்தக் கதை. ஆட்டோ பறிமுதல். லைசன்ஸை ரத்து செய்யப் பரிந்துரை. கீழே, நேரில் பார்த்த டியூட்டி கான்ஸ்டபிள் என்று நான் கையெழுத்துப் போட ஒரு கோடு.

“சிக்னலே எரியலியேணா” என்றேன் ரைட்டரிடம்.

“எரியல. சரி. ஏன் எரியல? யாரு அணைச்சா? எவுரு பூசணிக்கா ஒடச்சது?” என்று என் பேனாவைத் திறந்து என் கையிலேயே கொடுத்தார். “ஆக்சிடென்ட்டுன்னா ஒருத்தன் செஞ்சிருக்கணும் தம்பி. அவன் செய்யலன்னா நாம செஞ்சதா ஆயிடும். அந்தே, அவ்வளவுதான்.”

நான் கையெழுத்துப் போடவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. பயந்துபோய், நாளைக்குப் போடுகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். வாசலில் ஏழுமலை நின்றிருந்தான்.

“ணா, நீயே சொல்லுணா. லைட்டே எரில, நான் எங்கேர்ந்து செவப்பத் தாண்டுனேன்? இத்தினி வருஷத்துல எம்மேல ஒரு கேஸ் கீதா? லைசன்ஸ புடுங்கிட்டா எனக்கு வேற இன்னா வேல தெரியும்? ஊட்ல ஆறு பேரு இந்த வண்டிய நம்பிக்கினு கீறாங்கணா.”

பார்க்கலாம் என்றேன். போலீஸ்காரன் பார்க்கலாம் என்றால் பார்க்கப் போவதில்லை என்று ஆட்டோக்காரனுக்குத் தெரியும். ஆனாலும் அவன் தலையாட்டினான். “நீ அங்க பொரி துன்னுக்கினு இருந்தத நான் யாராண்டயும் சொல்லலணா” என்றான். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறானாம், அதைத் தெரிவித்தான். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். அடிபட்டவர் அரக்கோணம் பக்கத்தில் ஏதோ ஆபீஸில் குமாஸ்தாவாம். தெலுங்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஸ்டேஷனில் தமிழ் படிக்க எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். போய் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு வா, சிவப்பு எரிந்தது என்று ஒரு வரி இருந்தால் போதும் என்றார்.

கால் முழுக்கக் கட்டோடு படுத்திருந்தார் மனிதர். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ரைட்டரிடம் கற்ற வித்தையைக் காட்டினேன்.

“சிக்னல்ல சிவப்பு எரிஞ்சிக்கினு இருந்தது, இல்லீங்களா சார்?”

“இல்லைங்க. எரியலை.”

“பச்சை?”

“பச்சையும் எரியலை. மஞ்சளும் எரியலை. எதுவுமே எரியலை. அதனாலதான் நின்னேன்.”

“எதுவும் எரியலன்னா போயிருக்கலாமே சார். எல்லாரும் போய்க்கினுதானே இருந்தாங்க?”

“எல்லாரும் போனா அதுக்குப் பேரு பச்சையாங்க?” என்றார்.

அவரே தொடர்ந்தார். விளக்கு எரியாவிட்டால் போலீஸ்காரர் வந்து கை காட்டுவார் என்பது அவருக்குத் தெரிந்த முறை. அதனால் போலீஸ்காரரைத் தேடியிருக்கிறார்.

“ஒருத்தர் இருந்தாருங்க. எதிர்ல மரத்தடியில உக்காந்து ஏதோ தின்னுகிட்டு இருந்தார். முதுகுதான் தெரிஞ்சுது. சாப்பிட்டு முடிச்சிட்டு வருவார்னு நின்னேன். அதையும் எழுதிக்குங்க.”

அதையும் எழுதினேன். என் முதுகைப் பற்றி என் கையாலேயே எழுதினேன். ரோட்டில் உடைந்து கிடந்த பூசணிக்காயில்தான் ஆட்டோ வழுக்கியது என்றார், அதையும் எழுதினேன். அவர் வாங்கி இரண்டு தடவை படித்து, ஒரு காற்புள்ளி சேர்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஸ்டேஷனுக்கு வந்தேன். இன்ஸ்பெக்டர் மேஜைக்கு எதிரே ரைட்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தமிழில் இருப்பதைத் தெலுங்கில் சொல்லச் சொல்ல அவர் எழுத வேண்டும். என் கையில் இருந்த காகிதம் அவர்கள் இருவருக்கும் வெறும் கோலம். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அதில் இருக்கிறது. அந்த மாதிரி ஒரு அதிகாரம் எஸ்.பி.க்குக் கூட இருந்திருக்காது.

“ஏமய்யா, எர்ர லைட்டே கதா?” என்றார் இன்ஸ்பெக்டர், சிவப்புதானே என்று.

வாயைத் திறந்தேன். ஆமாம் என்று சொன்னால் கதை முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏழுமலை தெரிந்தான். பறிமுதல் செய்த ஆட்டோவை அவன் ஓட்டக்கூடாது, ஆனால் துடைக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. குந்தி உட்கார்ந்து, முன்சக்கரத்தில் ஒட்டியிருந்த பூசணி நாரையும் குங்குமத்தையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நாங்கள் போட்ட பூஜையை அவன் துடைத்துக்கொண்டிருந்தான்.

“காது சார், சிவப்பு இல்லை. எந்த லைட்டும் எரியவில்லை என்கிறார். ரோட்டில் பூசணிக்காய் உடைந்து கிடந்தது, ஆட்டோ அதில்தான் வழுக்கியது என்கிறார்” என்று தெலுங்கில் சொல்லிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் முகம் சிவந்தது. கற்பூரம் காட்டியவர் அவர் அல்லவா? வேறு என்ன சொன்னார் என்று கேட்டார். காகிதத்தில் இன்னும் நாலு வரி இருந்தது. மரத்தடி, முதுகு, தின்றுகொண்டிருந்த போலீஸ்காரர்.

“அவ்வளவுதான் சார்” என்றேன்.

பிள்ளைகளே, என் தைரியத்தின் அளவு அவ்வளவுதான். ஆட்டோக்காரனைக் காப்பாற்றுகிற வரைக்கும் வந்தது. என்னைக் காட்டிக்கொடுக்கிற இடத்தில் நின்றுவிட்டது.

ரைட்டர் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். பிறகு பழைய மூன்று பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார். கலைஞன் என்றால் அவர்தான். சிக்னல் பராமரிப்புப் பணிக்காகத் தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருந்தது. கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்தோம், பராமரிப்பு இல்லாமல் அது வேறென்ன? அந்தச் சமயத்தில் அடையாளம் தெரியாத நபர்கள் போலீஸ் எச்சரிக்கையையும் மீறிச் சாலையில் பூசணிக்காய் உடைத்துவிட்டுத் தப்பி ஓடிவிட்டனர். ஆட்டோ ஓட்டுநர் மீது குற்றம் இல்லை. போலீஸ் எச்சரித்ததற்குச் சாட்சி, காலையில் மைக்கில் எச்சரித்த கான்ஸ்டபிள். அதாவது நான்.

அடையாளம் தெரியாத அந்த நபர்களைக் கண்டுபிடிக்கும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தார் இன்ஸ்பெக்டர். சிரிக்காமல் கொடுத்தார். நானும் சல்யூட் அடித்து வாங்கிக்கொண்டேன். மூன்று மாதம் தேடினேன். பூசணிக்காய் வியாபாரிகளிடம் விசாரித்தேன், ரகசியமாகக் கண்காணித்தேன், வாரா வாரம் அறிக்கை கொடுத்தேன். தினமும் காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் குற்றவாளி என்னைப் பார்த்து முழித்தான். கடைசியில் துப்புக் கிடைக்கவில்லை என்று கோப்பை மூடினார்கள். விபத்தின் உண்மையான காரணத்தை இரண்டு மொழிகளிலும் விசாரித்து வெளிக்கொண்டு வந்ததற்காக எனக்கு ஒரு பாராட்டு வந்தது. முதலில் சொன்னேனே, அதுதான் இது.

ஏழுமலைக்கு வண்டி, ரைட்டர் அறிக்கையைத் திருத்தி எழுதிய மறுநாளே கிடைத்துவிட்டது. குமாஸ்தாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிற அன்று அவனே ஸ்டேஷன் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டான். “அவர ரயிலேத்தி உட்டுட்டு வர்லாம் வாணா. நம்மளால தானே அவருக்கு இப்பிடி ஆச்சி” என்றான். நம்மளால என்று அவன் தன்னையும் சேர்த்துக்கொண்டான். போனேன்.

குமாஸ்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். மொட்டைத் தலையில் முடி முள் முள்ளாக வளர ஆரம்பித்திருந்தது. கால் இனிமேல் பழையபடி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஏழுமலை பையை எடுத்துக்கொண்டு வண்டியை வாசலுக்குக் கொண்டுவரப் போனான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆட்டோக்காரர் எல்லாம் சொன்னார். நான் சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம ஸ்டேஷன்ல சொன்னீங்களாமே. உங்களை மாதிரி ஆளுங்க இருக்கிறதாலதான் சார் நாங்க லைட்டுக்கு நிக்கிறோம். அந்தப் பூசணிக்காய் உடைச்ச ஆளு கிடைச்சானா?”

அவர் கை வெதுவெதுப்பாக இருந்தது. அந்தக் கைக்குள் என் கை இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

“நான்தான் சார்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.

“பூசணிக்கா ஒடச்சது நான்தான் சார்.”

“லைட்டை அணைச்சது?”

“அதுவும் நான்தான்.”

அவர் என்னைத் திரும்பச் சொன்னார். எதற்கென்று தெரியாமல் திரும்பி நின்றேன். என் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்திருப்பார். பிறகு சரி என்றார். நான் அவர் பக்கம் திரும்பியபோது முகத்தில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இதை எழுதிக் குடுப்பீங்களா சார்?”

அப்போது ஹெட் கான்ஸ்டபிள் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. வேலை போனால் திரும்பிப் போய் நிற்க வீட்டில் தறியும் இல்லை, அதற்குள் விற்றாகிவிட்டது. இதையெல்லாம் அந்த ஒரு நொடியில் யோசித்தேனா, அப்புறம் சமாதானத்துக்குச் சேர்த்துக்கொண்டேனா என்று இன்றைக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது.

“வண்டி வந்துடுச்சு சார்” என்றேன்.

அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். ரயில் கிளம்பும் வரை ஏழுமலையோடு பேசிக்கொண்டு வந்தார். என்னோடு பேசவில்லை.

பதவி உயர்வு வந்தது. சிக்னல் அனுபவம் உள்ளவன் என்று சித்தூருக்கு மாற்றினார்கள். அங்கேயும் விளக்கு வந்தது, ஆயுத பூஜையும் வந்தது, பூசணிக்காயும் வந்தது. மாலை போடுங்கள், கற்பூரம் காட்டுங்கள், விளக்கு எரிந்தபடியே இருக்கட்டும், பூசணிக்காயை ஸ்டேஷன் கொல்லையில் உடையுங்கள் என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் பொரி தின்னும்போது நான் ரோட்டில் நின்றேன். சாமி நம்பிக்கை இல்லாதவன் என்று பேர் வாங்கினேன். நீங்களும் அந்தப் பேரை வாங்கிக்கொள்ளுங்கள். தறி ஒருநாள் நின்றால் துணிதான் குறையும். நம் வேலை நின்றால் யாரோ ஒருவர் நம்மை நம்பி ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

இன்னொன்று. பாதி உண்மை சொல்வது அவ்வளவு கஷ்டம் இல்லை. அதற்குப் பாராட்டும் கிடைக்கும். மீதிப் பாதியை யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள், அடிபட்டவரைத் தவிர.

அவர் இப்போது எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு அரக்கோணத்துக்கு இரண்டு தடவை போய் விசாரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஆகவே உங்கள் கையில் கொடுக்கிறேன். உங்களில் யாராவது ஒருவர் டியூட்டியில் இருக்கும்போது வலது கால் மடங்காத ஒரு வயதானவர் சிவப்புக்குக் காத்துக்கொண்டு ஓரமாக நின்றால், அவரை ரோடு தாண்டிக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, கீழே இருக்கிற நாலு வரியைக் கிழித்து அவரிடம் கொடுங்கள். தமிழில்தான் எழுதியிருக்கிறேன், நடுவில் யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்.

அன்று சிக்னலை அணைத்தவன் நான். நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்தவன் நான். மரத்தடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தவன் நான். நீங்கள் நின்றது சரி.